ஊட்டியா, வெலிங்டனா, கொடைக்கானலா? உங்கள் தவறான கோல்ஃப் அடி எங்கே போகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்

நீலகிரியிலும் பழனி மலைத்தொடரிலும் 18 குழி கோல்ஃப் ஆட மூன்று மைதானங்கள் பெயர்பெற்றவை: ஊட்டி ஜிம்கானா கிளப், குன்னூரை ஒட்டிய வெலிங்டன் ஜிம்கானா கிளப், 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப். கிண்டியிலோ நந்தனத்திலோ சமதளத்தில் ஆடிப் பழகி, 18 குழிக்கு 90 முதல் 105 அடி வரை அட்டையில் எழுதும் ஒருவர் மூன்று நாள் விடுப்பில் மலையேறுகிறார் என்றால் இவற்றில் எதற்குப் போவது? காட்சி அழகை வைத்து முடிவு செய்பவர்கள்தான் அதிகம். அழகில் மூன்றும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல, அதனால் அந்தக் கேள்வி எதையும் தீர்த்துவைக்காது. பார்க்க வேண்டியவை இரண்டு. உங்கள் மோசமான அடி எந்தப் பக்கம் போகிறது? நீங்கள் போகும் மாதம் எது?

பந்து வலதுபுறம் வளைந்து ஓடும் ஸ்லைஸ்தான் உங்கள் நோய் என்றால் ஊட்டி கடுமையாகத் தண்டிக்கும். அங்கே பந்து விழ வேண்டிய வெட்டிய புல்பாதையான ஃபேர்வேக்களின் ஓரத்தில் வெள்ளையர்கள் கொண்டுவந்து நட்ட கோர்ஸ் என்ற முட்புதர் அடர்ந்திருக்கிறது. மஞ்சள் பூவோடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இலையே முள்ளாக இருக்கும் செடி அது, கையை விட்டுப் பந்தைத் தேட முடியாது. தேடலுக்கு விதி தருவது மூன்றே நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு தண்ட அடியோடு பழைய இடத்துக்கே திரும்பி அடிக்க வேண்டும், அதாவது போன அடியும் போய் தண்டமும் சேர்ந்து இரண்டு அடி நஷ்டம். எனவே புதர்ப் பக்கம் பந்து பறந்ததுமே "தற்காலிகப் பந்து அடிக்கிறேன்" என்று கூட ஆடுபவர்களிடம் சொல்லிவிட்டு இன்னொன்றை அடித்துவிடுங்கள். வாய்விட்டுச் சொல்லாமல் அடித்தால் அந்த இரண்டாவது பந்தே ஆட்டப் பந்தாகிவிடும், முதல் பந்து கண்ணெதிரே கிடந்தாலும் பயனில்லை.

பந்து கிடைத்தும் ஆட முடியாத இடத்தில் இருந்தால் ஒரு தண்ட அடிக்கு மூன்று வழிகள் உண்டு. பெரும்பாலானோர் யோசிக்காமல் இரண்டு மட்டை நீளம் பக்கவாட்டில் போடும் வழியை எடுக்கிறார்கள். முட்புதர் அகலமாக இருக்கும் இடத்தில் இரண்டு மட்டை நீளம் தள்ளினாலும் புதருக்குள்தான் நிற்போம். கொடியையும் பந்தையும் சேர்க்கும் நேர்கோட்டிலேயே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம் என்ற வழி பல நேரம் நல்லது. அதுவும் மரங்களுக்குள் போய் முடிந்தால், கடைசியாக அடித்த இடத்துக்கே திரும்புவதுதான் மிச்சம். இந்தக் கணக்கைப் புதர் ஓரத்தில் நின்று போடாமல் குழியின் முதல் அடி தொடங்கும் டீயிலேயே போட்டுவிட்டால் டிரைவர் என்ற நீள மட்டையை உறையிலிருந்து எடுக்கும் கை தானாக நிற்கும்.

கொடைக்கானலில் நிலத்தின் சரிவுதான் பெரிய சோதனை. அந்த மைதானம் தூண் பாறைக்குப் போகும் சாலையில், பசுமைப் பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கிறது. மலைச்சரிவில் அமைந்த எந்த மைதானத்திலும் சமமான தரையில் கால் ஊன்றி அடிக்கும் வாய்ப்பு குறைவு. இது தூரத்தைவிடத் திசையைத்தான் முதலில் கெடுக்கும். வலதுகைக்காரருக்குப் பந்து கால் மட்டத்துக்கு மேலே இருந்தால் அடி இடப்பக்கம் இழுக்கும். மட்டையின் பிடியை இரண்டு அங்குலம் கீழே தள்ளிப் பிடித்து, இலக்குக்கு வலப்பக்கம் குறி வைக்க வேண்டும். பந்து காலுக்குக் கீழே இருந்தால் வலப்பக்கம் ஓடும். முழங்காலை அதிகம் மடக்கி, அந்த மடிப்பை அடி முடியும்வரை விடாமல் வைத்திருக்க வேண்டும். பாதியில் நிமிர்ந்தால் பந்தின் தலையில்தான் அடி விழும். ஏற்றத்தில் நின்று ஏற்றத்தை நோக்கி அடித்தால் மட்டை முகத்தின் சாய்வு கூடிப் பந்து உயர எழும்பித் தூரம் குறையும், ஒரு மட்டை பெரிதாக எடுங்கள். இறக்கத்தில் சாய்வு குறைந்து பந்து தாழ்வாகப் போய் உருளும், ஒரு மட்டை சிறிதாக எடுங்கள். இரண்டிலும் தோள்களைச் சரிவோடு சரிவாகச் சாய்த்து வைப்பதுதான் அடிப்படை. சமதளத்தில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றால் இறக்கத்தில் பந்துக்குப் பின்னால் மண்ணை வெட்டுவோம்.

குழியும் கொடியும் இருக்கும் கிரீன் உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு யார்டு ஏற்றத்துக்கும் ஏறக்குறைய ஒரு யார்டு கூட்டியும், தாழ்வில் இருந்தால் அதே அளவு குறைத்தும் கணக்கிட்டால் போதும். தூரம் காட்டும் லேசர் கருவி விதிப்படி செல்லும். ஆனால் ஏற்ற இறக்கத்தை அளந்து சொல்லும் வசதியை அணைத்து வைக்க வேண்டும். ஆட்டத் திறனை அளக்கும் ஹேண்டிகேப் எண்ணுக்காக அட்டை கொடுப்பவர்கள் இதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது.

கொடைக்கானலின் இன்னொரு விஷயம் காட்டுமாடு. கூட்டமாக வந்து ஃபேர்வேயில் மேயும், புதர் ஓரம் படுத்திருக்கும். குன்னூர், வெலிங்டன் பக்கமும் இப்போது அவை ஊருக்குள்ளேயே நடமாடுகின்றன. தனியாகத் திரியும் காளையிடம் அதிக எச்சரிக்கை வேண்டும். பந்து அதன் அருகே கிடந்தால் விட்டுவிடுங்கள். ஆபத்தான விலங்கு பக்கத்தில் இருப்பதால் ஆட முடியாத நிலைக்கு விதி 16.2 தண்டமில்லாமல் வேறிடத்தில் பந்தைப் போட அனுமதிக்கிறது. ஆபத்து நீங்கிய மிக அருகிலுள்ள இடத்திலிருந்து, குழிக்கு நெருங்காமல், ஒரு மட்டை நீளத்துக்குள் போடலாம். மாடு மிதித்துப் பந்து நகர்ந்தாலும் தண்டமில்லை, பழைய இடத்தில் வைத்து ஆட வேண்டும். கிரீனில் பதிந்த குளம்புத் தடத்தை அடிக்கும் முன் சரிசெய்யலாம். ஃபேர்வேயில் அந்தச் சலுகை கிடையாது, கிளப் அந்த இடத்தைப் பழுதுபார்க்கும் நிலம் என்று குறித்திருந்தால்தான் உண்டு. சாணத்தை எங்கும் அகற்றலாம். அகற்றும்போது கிரீனுக்கு வெளியே பந்து நகர்ந்துவிட்டால் ஒரு தண்ட அடி சேரும், எனவே அவசரப்படாதீர்கள்.

வெலிங்டனைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு. 1873இல் தொடங்கிய கிளப், படைத்துறை அதிகாரிகளின் கல்லூரி இருக்கும் கன்டோன்மென்ட் ஊர். உறுப்பினர் ஒருவர் மூலமாகவோ, உங்கள் கிளப்புக்கு அங்கே இணைப்பு இருந்தால் அதன் கடிதம் மூலமாகவோ முன்பே அனுமதி கேட்டுவிடுவது நல்லது. உயரம் ஏறக்குறைய 1,850 மீட்டர், ஊட்டியைவிட 400 மீட்டர் கீழே. அந்த வித்தியாசம் மூச்சிலும் குளிரிலும் தெரியும். மூச்சிரைப்பு உள்ளவர்களும் 60 வயதைத் தாண்டியவர்களும் மலையில் முதல் சுற்றை இங்கே வைத்துக்கொள்வதுதான் சரி.

இனி மாதம். ஊட்டியின் மழை பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வருகிறது. குன்னூர்ப் பக்கம் கிழக்குச் சரிவு என்பதால் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவம் அங்கே அதிகமாகக் கொட்டும். கொடைக்கானலுக்கும் அக்டோபரும் நவம்பரும்தான் பெரிய மழைக்காலம். ஒரே மாவட்டத்துக்குள் 20 கிலோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் ஊட்டியில் தூறலும் வெலிங்டனில் வெயிலுமாக ஜூலை மாதம் இருப்பது இதனால்தான். ஜூலை, ஆகஸ்டில்தான் விடுப்பு என்றால் வெலிங்டன். நவம்பரில்தான் முடியும் என்றால் மூன்றில் ஊட்டிக்கே வாய்ப்பு கொஞ்சம் அதிகம், கொடைக்கானல் கடைசி. ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். பனி படர்ந்த புல்லை மிதித்தால் இலை நொறுங்கிக் கால்தடம் கருகிப் பல நாள் நிற்கும். வெயில் ஏறிப் பனி கரையும்வரை கிரீனில் கால் வைக்கக் கூடாது, ஆகவே அந்த மாதத்தில் காலை 6.30 மணிக்கு டீ நேரம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், கேட்பதில் அர்த்தமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடியோடு மழை வரும், அதனால் நண்பகலுக்குள் 18ஐ முடிக்கப் பாருங்கள். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மூடுபனி இறங்கி, பந்து விழும் இடம் தெரியாவிட்டால் முன்னால் ஆள் இருக்கிறாரா என்று உறுதியாகும்வரை அடிக்காதீர்கள். மொத்தத்தில் பிப்ரவரியும் மார்ச்சும்தான் மூன்றுக்கும் பொதுவான நல்ல மாதங்கள்.

மலையில் பந்து எவ்வளவு தூரம் கூடுதலாகப் போகும் என்பதைப் பற்றித்தான் கிளப் வராந்தாக்களில் பெரிய பேச்சு நடக்கும். பெரும்பாலும் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள். ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் தூரம் ஏறக்குறைய 1.2 சதவீதம் கூடும் என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. ஊட்டிக்கு 7,300 அடி என்று வைத்தால் ஏறக்குறைய எட்டே முக்கால் சதவீதம். சென்னையில் 7ஆம் அயர்ன் என்ற இரும்பு மட்டையில் 140 யார்டு அடிப்பவருக்கு அது 152 ஆக வேண்டும். ஆனால் சென்னையின் 32 டிகிரியிலிருந்து ஊட்டியின் 12, 15 டிகிரிக்கு வந்ததும் காற்று குளிர்ந்து அடர்த்தி கூடுகிறது, பந்தின் துள்ளலும் குறைகிறது, ஸ்வெட்டருக்குள் தோளும் முழுதாகத் திரும்புவதில்லை. நாலைந்து யார்டு அதிலேயே போய்விடும். ஆகவே அதிகாலையில் 147, வெயில் ஏறிய பின் 150 என்று எடுத்துக்கொள்ளுங்கள். காலை முதல் ஐந்தாறு குழிகளுக்குப் பழைய மட்டையே போதும், பத்து மணிக்கு மேல் ஒரு மட்டை குறைக்கலாம். கோயம்புத்தூர்க்காரர்கள் ஏற்கெனவே 400 மீட்டர் உயரத்தில் ஆடுபவர்கள், அவர்களுக்கு லாபம் இன்னும் ஒன்றரை சதவீதம் குறையும்.

மெலிந்த காற்று பந்தைத் தடுப்பது மட்டும் குறைவதில்லை, தூக்குவதும் குறைகிறது. மெதுவாக ஸ்விங் செய்பவர்களின் பந்து சீக்கிரமே தரையிறங்கிவிடுவதால் அவர்களுக்கு மேலே சொன்ன லாபம் முழுதாகக் கிடைக்காது. முகச்சாய்வு 9.5 டிகிரி உள்ள டிரைவரை வீட்டில் வைத்துவிட்டு 12 டிகிரி டிரைவரோ, அதைவிடச் சிறிய 3 வுட் மட்டையோ கொண்டுபோனால் நல்லது. அதே காரணத்தால் ஸ்லைஸின் வளைவும் சற்றுக் குறையும். அது ஒரு நல்ல செய்தி, ஆனால் முட்புதரைத் தாண்டும் அளவுக்கு நல்ல செய்தி அல்ல. கிட்டத்து அடிக்கான வெட்ஜ் மட்டையின் அடிகள் வழக்கத்தைவிடத் தாழ்வாக இறங்கி முன்னே ஓடும், ஆகவே கொடியை நோக்கி அல்லாமல் கிரீனின் முன்விளிம்பைக் குறி வைத்து அடிக்க வேண்டும்.

பையில் எதை வைப்பது? விதி 14 மட்டைகளை அனுமதிக்கிறது. மலைக்கு 9 போதும் என்பது என் உறுதியான கருத்து: 3 வுட், 4 ஹைபிரிட், 6, 7, 8, 9 அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், கிரீனில் பந்தை உருட்டும் பட்டர். ஏறி இறங்கி நாலரை மணி நேரம் நடக்கும்போது ஐந்து மட்டையின் எடை குறைவது கடைசி ஆறு குழிகளில் காலுக்குத் தெரியும், பை சுமக்கும் கேடியின் தோளுக்கும் தெரியும். சரிவில் நீள அயர்ன்களைச் சுத்தமாக அடிக்கும் திறமை 100ஐ ஒட்டி ஆடுபவர்களிடம் இருப்பதில்லை. 5ஆம் அயர்னை, வுட்டும் அயர்னும் கலந்த ஹைபிரிட் ஈடுசெய்யும். மலைகளில் பரவியிருக்கும் கிக்கியு புல் ஃபேர்வேக்கு வெளியே வளர்ந்த ரஃபில் இருந்தால் அது அயர்னின் கழுத்தைச் சுற்றிப் பிடித்து முகத்தை இடப்பக்கம் மூடிவிடும். அங்கே ஹைபிரிடும் வேண்டாம், 9ஆம் அயர்னை இறுகப் பிடித்துச் செங்குத்தாக இறக்கி ஃபேர்வேக்குக் கொண்டுவருவதே லாபம். மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும், 12 டிகிரி பவுன்ஸ் (மட்டையின் அடிப்பகுதிக் கோணம்) உள்ள சாண்ட் வெட்ஜ் மண்ணுக்குள் புதையாது. பிப்ரவரி, மார்ச்சில் தரை இறுகியிருக்கும்போது அதே வெட்ஜ் தரையில் பட்டுத் துள்ளிப் பந்தின் நடுவில் அடிக்கும். அப்போது 8 டிகிரிதான் பொருந்தும்.

பந்தில் இரண்டு வகைக்கு நடுவே யோசிப்பார்கள்: கடினமான அயனோமர் உறை கொண்ட இரண்டடுக்குப் பந்து, மென்மையான யூரித்தேன் உறை கொண்ட மூன்றடுக்குப் பந்து. ஊட்டிக்கு முதலாவதே போதும். விலை குறைவு, ஸ்லைஸைத் தூண்டும் சுழற்சியும் குறைவு, தொலைந்தாலும் மனம் வலிக்காது. ஒரு டஜன் கொண்டுபோங்கள். கொடைக்கானலில் சரிவான கிரீனைச் சுற்றிச் சிறு அடிகளில் பந்து சுழன்று நிற்க வேண்டும் என்று விரும்புபவர், தன் சிப்பிங், அதாவது அந்தச் சிறு அடி, உண்மையிலேயே சீராக இருந்தால் மட்டும் யூரித்தேனுக்குச் செலவு செய்யலாம். இரவில் பந்துகளைக் காரின் டிக்கியில் விடாமல் அறையில் வையுங்கள், குளிர்ந்த பந்து மந்தமாகப் பறக்கும். ஆனால் ஆட்டத்தின் நடுவே கைச்சூட்டுப் பையில் வைத்து வேண்டுமென்றே சூடாக்கிய பந்தை அடிப்பது விதி மீறல்.

தோல் கையுறை ஈரத்தில் வழுக்கும். மழைக்கென்று தைத்த துணிக் கையுறை நனைய நனையப் பிடிப்பு கூடும், ஒரு ஜோடி போதும். காலுறை இரண்டு செட், தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இரு மலைகளிலும் தடை இருக்கிறது.

கேடி வேண்டுமா, தள்ளுவண்டி போதுமா என்றால், முதல் சுற்றுக்குக் கட்டாயம் கேடி. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விழும் அடிகளுக்கு முன்னால் ஆள் நிற்பதாலேயே இரண்டு மூன்று பந்துகள் மிஞ்சும். அதைவிடப் பெரிய பயன் கிரீனில் இருக்கிறது. சுற்றிலும் மலை இருப்பதால் கண் ஏமாறும், ஏற்றம் என்று தெரிவது இறக்கமாக இருக்கும். "அண்ணே, இங்க மழைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?" என்று கேளுங்கள். பந்து வலமா இடமா என்று கேட்பதைவிட இதற்கு வரும் பதில் நம்பகமானது, ஏனென்றால் அவர் மழையில் அதைப் பார்த்திருப்பார்.

ஸ்கோர் பற்றி ஒன்று. மலையில் வந்த 98ஐ ஊரில் வரும் 93ஓடு நேராக ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஒவ்வொரு சுற்றும் மைதானத்தின் கடினத்தோடு சேர்த்தே அளக்கப்படுகிறது: மொத்த அடியிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கை (தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எடுக்கக்கூடிய அடி) கழித்து, 113ஆல் பெருக்கி, ஸ்லோப் எண்ணால் (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்ற அளவு) வகுக்க வேண்டும். அன்றைய வானிலைக்கான திருத்தம் இருந்தால் அதுவும் கழியும். உதாரணத்துக்கு மட்டும் ஒரு கணக்கு: ரேட்டிங் 71.2, ஸ்லோப் 128 உள்ள மைதானத்தில் 98 அடித்தால் 23.7 வரும். ரேட்டிங் 67.5, ஸ்லோப் 115 உள்ள மைதானத்தில் 93 அடித்தால் 25.1. அடி அதிகமான 98தான் நல்ல சுற்று. இப்படி வந்த கடைசி 20 சுற்றுகளில் மிகச் சிறந்த 8இன் சராசரிதான் உங்கள் எண்.

முட்புதரில் மூன்று பந்தைத் தொலைத்து ஒரே குழியில் 11 எழுதினாலும் ஹேண்டிகேப் கணக்கில் அது முழுதாக ஏறாது. அந்தக் குழிக்கு நிர்ணயித்த அடியான பாருடன் இரண்டும், அந்தக் குழியில் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை அடியும் சேர்ந்ததே உச்சவரம்பு. கோர்ஸ் ஹேண்டிகேப் 20 உள்ளவருக்கு கடின வரிசையில் ஐந்தாவதான (ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 5) பார் 4 குழியில் ஒரு சலுகை அடி சேர்ந்து அது 7. ஆகவே 11ஐ 7 என்று திருத்திக்கொள்ளலாம். இதைத் தெரிந்து ஆடுபவர் நான்காவது பந்துக்காகப் புதரைக் கிளறிக்கொண்டிருக்க மாட்டார், பின்னால் வருபவர்களையும் காக்க வைக்க மாட்டார்.

பயணக் கணக்கில் நீலகிரிக்கு ஒரு தெளிவான அனுகூலம் உண்டு. கோவையிலிருந்து குன்னூர் ஏறக்குறைய 70 கிலோமீட்டர், ஊட்டி 90க்குள். ஒரே பயணத்தில் இரண்டு மைதானங்கள் ஆடலாம். கொடைக்கானல் கோவையிலிருந்து 170 கிலோமீட்டருக்கு மேல், ஒரே மைதானம்தான். மதுரை, திண்டுக்கல்காரர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். 2024 மே 7 முதல் இரு மலைகளுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் நாளொன்றுக்கு நீலகிரிக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். டீ நேரம் உறுதியான அன்றே பாஸையும் எடுத்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து கிளம்பும் ஸ்லைஸ்காரருக்கு என் தேர்வு இதுதான். மார்ச்சில் நீலகிரி. முதல் நாள் வந்து இறங்கி வெலிங்டனில் 9 குழி மட்டும், உடம்பு உயரத்துக்குப் பழக. இரண்டாம் நாள் அங்கேயே 18. மூன்றாம் நாள் ஊட்டி, டிரைவர் இல்லாமல். நேராக அடித்து, தூரம் குறைவாக இருப்பவருக்கு ஊட்டியே முதல் தேர்வு, புதர் அவரைத் தொடாது. சிப்பிங்கும் பட்டிங்கும் பலமாக இருந்து, சரிவில் நின்று அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பவருக்கு பிப்ரவரியில் கொடைக்கானல், ஒரே மைதானத்தில் இரண்டு சுற்று. முதல் சுற்றில் எந்தக் குழியில் எந்தச் சரிவில் நின்றோம் என்று அட்டையின் ஓரத்தில் குறித்துக்கொண்டால் இரண்டாம் சுற்றில் டீயிலிருந்தே அந்த இடத்தைத் தவிர்க்கலாம்.